ஏரியல் என்றால் சோப்புத்தூள் இல்லை!

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் 'ஏரியல்' என்று சொல்லிப் பாருங்கள். "அரைக் கிலோவா, ஒரு கிலோவா?" என்று கேட்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. மளிகைக்கடை லிஸ்ட்டில் அந்தப் பெயர் ஏறி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு முன்னால் ஏரியல் என்பது துவைக்கிற சமாசாரமாக இல்லை. கட்டுகிற சமாசாரமாக இருந்தது!

வால்வு ரேடியோ இருந்த வீடுகளில் பார்த்திருப்பீர்கள். மெல்லிய செம்புக் கம்பியில் பின்னிய வலைப்பட்டை. இரண்டு விரல் அகலம். ஹாலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, தாத்தா படத்துக்கு மேலே கல்யாணத் தோரணம் மாதிரி தொங்கும். அதிலிருந்து ஒரு வயர் இறங்கி ரேடியோவின் முதுகுக்குள் போகும். ரேடியோ வைத்திருக்க தபால் ஆபீசில் லைசன்ஸ் பணம் கட்டிய காலம் அது. (1980-களின் நடுவில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது.) வீட்டில் வலை தொங்கினால் வசதியான குடும்பம் என்று அர்த்தம். பெண் கொடுக்கலாம்!

எங்கள் சங்கரன்கோவில் பக்கம் அந்த வலையில் விழுந்த பெரிய மீன், இலங்கை வானொலி. பூகோளம் அப்படி. ஆகாய மார்க்கமாக அளந்தால் இங்கிருந்து கொழும்பு சுமார் 350 கிலோமீட்டர். சென்னையோ 500-ஐத் தாண்டும். 1952-ல் மத்திய மந்திரி கேஸ்கர், ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தார். ஜனங்கள் சத்தம் போடாமல் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பிக்கொண்டார்கள். 1957-ல் விவித்பாரதி வந்தும்கூட, திருப்பிய முள் அவ்வளவு சுலபத்தில் திரும்பி வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் மாமனார் விசைத்தறியில் உழைத்து ஓய்ந்தவர். கண் நீர் அழுத்த நோயில் பார்வை போய்விட்டது. மகன் வாங்கிக் கொடுத்த செல்போன் அவருக்குச் சரிப்படவில்லை. "கண்ணாடியத் தடவச் சொல்லுதான் மாப்ளே. எங்க தடவுனா எது வருதுன்னு எனக்கெப்படித் தெரியும்? ரேடியோன்னா குமிழ் இருக்கு. திருகுனா கைக்குத் தெரியுது" என்பார். நியாயம்தானே?

ஆனால் ரேடியோவில் வந்ததெல்லாம் 'ஸ்ஸ்ஸ்... கர்ர்ர்...' மட்டும்தான். பழைய செட் போய்விட்டது என்று புது செட் வாங்கினோம். அதுவும் 'ஸ்ஸ்ஸ்...' "கடையில நல்லாப் பாடுச்சே!" என்றாள் என் சகதர்மிணி. கடை, தகரக் கூரையும் திறந்த முன்பக்கமுமாகத் தெருவைப் பார்த்து இருக்கிறது. வீடு அப்படியில்லை. வியாதி ரேடியோவுக்கு இல்லை சார், வீட்டுக்கு!

ஓட்டு வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட் போட்டோமே, அந்தக் கூரைக்குள் இரும்புக் கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. சிற்றலையின் ஓர் அலைக்கு 31 மீட்டர், 49 மீட்டர் என்று நீளம். அந்தக் கம்பிக்கூண்டு அதைப் பெருமளவு வெளியிலேயே நிறுத்திவிடும். உள்ளே இருக்கிற எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் ஆளுக்கொரு இரைச்சலைக் கிளப்பும். தூரத்துக் குரல் உள்ளே வர முடியாது. பக்கத்துக் கூச்சல் வெளியே போகாது. (மாமியார் மருமகள் உள்ள வீட்டில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.)

இதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது. ரேடியோவை பேட்டரியில் போட்டுக்கொண்டு, வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் சட்டென்று குறைந்தால் திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடுவான். எங்கள் வீட்டில் நான் மெயினை அணைத்தது சீரியலில் கதாநாயகி உண்மையைச் சொல்ல வாயெடுத்த நேரம். அவள் என்ன சொன்னாள் என்பது இன்றுவரை தெரியவில்லை. ஆனால் திருடன் பிடிபட்டான்: ஹாலில் மாட்டிய மலிவு விலை பல்பு ஒன்று, மேஜைமேல் ஒரு சார்ஜர்.

அடுத்தது வயர். நான் பி.காம்., பிசிக்ஸ் பக்கம் போனவன் இல்லை. ஆனால் கணக்குத் தெரியும். செட்டோடு வருகிற இழுக்கும் கம்பி ஒரு முழம், ஒன்றரை முழம். அலையோ 31 மீட்டர். முழத்தைக் கொண்டு போய் தென்னை மரத்தை அளந்தால் எப்படி? அதற்காக 31 மீட்டரும் வேண்டும் என்றில்லை. கேட்பதற்கு மட்டும் என்றால் 5 முதல் 10 மீட்டர் வயர் தாராளம். அளவு கொஞ்சம் முன்பின் ஆனாலும் குற்றமில்லை.

எங்கள் ஊரில் வயருக்குப் பஞ்சமே கிடையாது. தறி ஓடுகிற ஊரில் மோட்டார் எரியும்; மோட்டார் எரிகிற ஊரில் காயில் கட்டுகிற கடை இருக்கும். அங்கே எனாமல் பூசிய செம்புக் கம்பியை எடை போட்டுத் தருவார்கள். மாமாவின் அறை 12-க்கு 10. மூன்று சுவரைச் சுற்றினால் 34 அடி, அதாவது 10 மீட்டர் சொச்சம். சுவர் உச்சியில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கிளிப் அடித்து, ஜன்னல் உள்ள சுவரையும் சேர்த்து ஓட்டினேன். ஜன்னல்தான் அலைக்கு வாசல்.

இங்கே முக்கியமான ஒரு சங்கதி. எனாமல் என்பது மின்சாரம் கடக்காத பூச்சு. வயர் முனையை உப்புத்தாளில் தேய்த்து, செம்பு பளிச்சென்று தெரிந்த பிறகுதான் ரேடியோவோடு சேர்க்க வேண்டும். ஒரு க்ரோக்கடைல் கிளிப்பை முனையில் வைத்து, ரேடியோவின் இழுக்கும் கம்பியில் கவ்வ விட்டால் தீர்ந்தது வேலை. மீடியம் வேவுக்கு இந்த வித்தை பலிக்காது. அதற்கான ஆன்டெனா செட்டுக்குள் கறுப்புக் குச்சியாக உட்கார்ந்திருக்கிறது. செட்டையே திருப்பி வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

"இதென்ன, அறைக்குள்ள கொடி கட்டுறீங்க?" என்று வீட்டில் கேள்வி எழுந்தது. "1901 டிசம்பரில் மார்க்கோனி என்ன செய்தார் தெரியுமா? கனடாப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு பட்டத்தில் வயரைக் கட்டி 500 அடி உயரத்துக்குப் பறக்கவிட்டு, அட்லாண்டிக் கடலுக்கு அந்தப்புறமிருந்து வந்த மூன்று 'டிக்'கைக் கேட்டார்" என்றேன். "அவர் வீட்டுக்காரி சும்மாவா இருந்தா?" என்று பதில் வந்தது. சரித்திரத்தில் இந்தக் கோணத்தை யாரும் ஆராயவில்லை!

சில எச்சரிக்கைகள். கரண்ட் வயரை ஒட்டியே ஓட்டாதீர்கள். அதன் இரைச்சல் இதில் ஏறும். 'இன்னும் நல்லாக் கேட்கட்டும்' என்று வயரைத் தெருவில் எறிந்து கரண்ட் கம்பிமேல் போட நினைக்கவே நினைக்காதீர்கள், உயிர் போகும். இடி மின்னல் என்றால் முதல் வேலை, கிளிப்பைக் கழற்றுவது. 10 மீட்டர் நன்றாக இருக்கிறதே என்று சின்ன செட்டுக்கு 40 மீட்டர் கொடுத்தால் அஜீரணம் வரும். ஒரு ஸ்டேஷன் தலையில் இன்னொரு ஸ்டேஷன் ஏறி உட்காரும்.

நேரமும் பார்க்க வேண்டும். சிற்றலை நேராக வருவதில்லை. மேலே அயனி மண்டலத்தில் பந்து மாதிரி மோதித் திரும்பி வருகிறது. பகலில் 16, 19 மீட்டர் பக்கம் தேடுங்கள். இருட்டிய பிறகு 31, 41, 49 பக்கம். வெயில் இறங்க இறங்கப் பெரிய நம்பருக்குப் போக வேண்டும் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

அன்று ராத்திரி கிளிப்பை மாட்டினேன். மாமா குமிழைத் திருகினார். கர்ர்ர் என்று ஏதோ அரபு, ஏதோ ஆங்கிலம்... திடீரென்று ஒரு பெண் குரல், அட்சர சுத்தமாகத் தமிழ்! சீன வானொலி. தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு தமிழ் பேசுகிற சீனப் பெண்கள் அதில் உண்டு. 1963-ல் ஆரம்பித்த தமிழ் ஒலிபரப்பு. திருநெல்வேலிக்கே அந்த வருஷம்தான் ரேடியோ ஸ்டேஷன் வந்தது!

மாமா அசையாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "லண்டன் வருமா மாப்ளே?" என்றார்.

எனக்குத் தொண்டையை அடைத்தது. ராத்திரி ஒன்பதே காலுக்கு பி.பி.சி. தமிழோசை என்றால் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டவர் அவர். 1941-ல் தொடங்கி, 2017 ஏப்ரல் 30-ம் தேதி அதன் கடைசி ஒலிபரப்பு முடிந்தது. அது நின்றதே தெரியாமல், நம்ம செட்டில்தான் கோளாறு என்று இத்தனை வருஷமாக அந்தக் குமிழைத் திருகிக்கொண்டே இருந்திருக்கிறார் மனிதர்.

சிற்றலைக்கு ஆளில்லை, கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்கிறார்கள். செல்போனுக்கும் டி.வி.க்கும் போனவர்கள் நிறையப்பேர், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் எங்கள் மாமாவை எந்தப் பக்கம் எழுதுவது? அவர் எங்கேயும் போகவில்லை. அவருக்கு மேலே கான்கிரீட் வந்தது, பக்கத்தில் சார்ஜர் வந்தது. இரைச்சலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தவரை 'கேட்பதை நிறுத்தியவர்' என்று செலவில் எழுதிவிட்டார்கள். இப்படி எத்தனை வீட்டு மூலையில் எத்தனை பேரோ!

ஆகவே வாசகப் பெருமக்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் ரேடியோவைத் தட்டித் தட்டிப் பார்க்கிறாரா? புது செட் வாங்கும் முன் ஒரு வயர் கட்டிப் பாருங்கள். ஏதாவது ஸ்டேஷன் கிடைத்தால் அவர்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். எந்த நாள், எந்த நேரம், எந்த மீட்டர், எவ்வளவு தெளிவு என்று எழுதினால், கேட்டதற்கு அத்தாட்சியாகப் படம் போட்ட கார்டு அனுப்புகிற ஸ்டேஷன்கள் உண்டு. இங்கே ஓர் ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

நாங்களும் எழுதினோம். மாமா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒலியின் பலம், குறுக்கீடு, இரைச்சல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போட வேண்டும்.

"ஒலியின் பலம்?"

"நாலு போடுங்க."

"இரைச்சல்?"

"அதுக்கும் நாலு."

"குறுக்கீடு ஏதாவது உண்டா மாமா?"

மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உண்டுதான்... ஆனா எம் மவ பேரெல்லாம் எழுதாதீங்க மாப்ளே. பக்கத்து ரூம்ல சீரியல்னு மட்டும் போட்ருங்க."