ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு இன்னொரு தடவை சொன்னீங்க...

மக்களே, ஒரு வாரமா இந்தப் பக்கமே வரல. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு நினைச்சிருப்பீங்க. அதெல்லாம் இல்ல. திருத்தணிக்கு சித்தப்பா வீட்டுக்குப் போன இடத்துல நெட்வொர்க் ஆணி புடுங்கிட்டு வந்திருக்கேன். கடுப்பு இன்னும் அடங்கல, அதான் இந்தப் பதிவு.

மலை அடிவாரத்துல சித்தப்பாவுக்கு ஒரு சின்ன லாட்ஜ். பின்னாடி கல்யாண மண்டபம் தாண்டி, ஆன்லைன்ல அப்ளிகேஷன் போட்டுக் குடுக்குற கடை. நடுவுல 130 மீட்டர். ஈத்தர்நெட் காப்பர் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர்ங்கறதால ஃபைபர் இழுத்து, ரெண்டு முனையிலயும் மீடியா கன்வெர்ட்டர் மாட்டியிருக்காங்க. இதுவரைக்கும் சரி.

ஆனா கடையில நெட் ஆமை. நான் போன அன்னிக்கு பொதட்டூர்பேட்டையில இருந்து ஒரு நெசவாளி, பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்திருந்தார். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு சான்றிதழ் அப்லோட் பண்ணணும். 2018லேர்ந்து எல்லாம் ஆன்லைன்தானே. மூணு தடவை பாதியில நின்னுச்சு. மறுநாள் கடைசி தேதி. ஒருநாள் தறியை நிறுத்திட்டு வந்த மனுஷன், ஒரு வார்த்தை கோபமாப் பேசல. "காலையில வரட்டுங்களா?"ன்னு மட்டும் கேட்டார். எனக்குத்தான் முகத்தை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல.

நெட்வொர்க் போட்ட ஆளுக்கு சித்தப்பா போன் பண்ணா, "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கண்ணா". மழை வந்தா மழை மேல பழி, குரங்கு வந்தா குரங்கு மேல பழி. கடைசியா, "பிளான் பத்தலண்ணா, 100 எம்பிபிஎஸ்ல இருந்து 300க்கு மாத்துங்க". சித்தப்பா மாத்திட்டார். ஆமை அப்படியேதான் நகருது.

லாட்ஜ் ரூட்டர்ல லேப்டாப்பை சொருகினா 280க்கு மேல வருது. கடையில 2 கூட வரல. பிங் போட்டா மட்டும் ஜம்முனு பதில் வருது. இந்த பிங்தான் எல்லாரையும் ஏமாத்துறது. அது ஒரு சின்ன பாக்கெட் போகும், பதில் வரும், அவ்வளவுதான். எதிரெதிரா எதுவும் மோதாது. ஃபைல் அனுப்பும்போது டேட்டா ஒரு பக்கம் போக, கிடைச்சிடுச்சுங்கற ஒப்புதல் எதிர்ப்பக்கம் வரும். ரெண்டும் ஒரே நேரத்துல.

கடையில ஸ்விட்சுக்குப் போற கேபிளைப் புடுங்கி லேப்டாப்ல மாட்டி, லினக்ஸ்ல எத்டூல் ஓட்டினேன். 100 எம்பிபிஎஸ், ஹாஃப் டூப்ளெக்ஸ்! கன்வெர்ட்டரைத் திருப்பிப் பார்த்தா, குட்டி டிப் ஸ்விட்ச்ல ஆட்டோவை அணைச்சு 100 ஃபுல்னு பூட்டி வெச்சிருக்காங்க. ஒரு பக்கம் பூட்டிட்டா அது நெகோஷியேஷன்ல பேசாது. ஆட்டோல இருக்குற எதிர்ப்பக்கம் வேகத்தை மட்டும் கண்டுபிடிச்சிட்டு, விதிப்படி ஹாஃப்ல உட்கார்ந்துக்கும். ஒருத்தன் எப்ப வேணா பேசுவான், இன்னொருத்தன் அவன் பேசுறது மோதல்னு நினைச்சு பாதியில நிறுத்துவான். பாக்கெட் தொலைய தொலைய டிசிபி நெரிசல்னு பயந்து வேகத்தைக் குறைச்சுக்கிட்டே போகும்.

ஆட்டோவுக்கு மாத்தினேன். குச்சியால ஒரு தள்ளு. 94 எம்பிபிஎஸ்.

ஏன்யா பூட்டினீங்கன்னு கேட்டா, "ஆட்டோவை நம்ப முடியாது சார், ஃபிக்ஸ் பண்ணாதான் ஸ்டெடியா இருக்கும்"னு பதில். இந்த வேதவாக்கு, 1995ல ஆட்டோ நெகோஷியேஷன் புதுசா வந்தப்ப, சில கம்பெனி கார்டுகள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாம இருந்த காலத்துது. 1999ல காப்பர் கிகாபிட் வந்தப்போ ஆட்டோ கட்டாயமே ஆயிடுச்சு. பூட்டுறதுன்னா ரெண்டு பக்கமும் பூட்டணும். ஒரு பக்கம் பூட்டுறதுக்கு பேர் செட்டிங் இல்ல, சதி.

அதைவிட எரிச்சல், நடுவுல இருக்குற கன்வெர்ட்டரே 100 எம்பிபிஎஸ்தான். அதைத் தாண்டி கடைக்கு 300 எப்படிய்யா போகும்? போட்டவருக்கே இது தெரியாதா?

பொட்டி தட்டுற நம்ம ஆளுங்களும் உத்தமர்கள் இல்ல. அன்னிக்கு ராத்திரி நாலு நண்பர்களைக் கேட்டேன். மூணு பேர் ரீஸ்டார்ட், ஒருத்தர் ஏழாயிரம் ரூபாய் ரூட்டர். எல்லாம் பி.இ.! எந்த முனையில அளந்தேன்னு ஒருத்தரும் கேட்கல. கோட் தவிர மத்ததெல்லாம் "எலக்ட்ரீஷியன் வேலை"ன்னு ஒதுக்கி வெச்சுட்டோம்.

2011ல தேசிய ஆப்டிக் ஃபைபர் நெட்வொர்க்னு ஒப்புதல் குடுத்து, 2015ல பாரத்நெட்னு பேர் மாத்தின திட்டத்துல, தமிழ்நாட்டுல டான்ஃபிநெட் மூலமா 12,525 ஊராட்சிக்கு 1 ஜிபிபிஎஸ் குடுக்குறதுதான் இலக்கு. நல்ல திட்டம், சந்தேகமில்ல. ஆனா ஊராட்சி ஆபீஸ் சுவத்துக்கு உள்ள வந்ததும் அந்த ஃபைபர், ஏதோ ஒரு மலிவு ஸ்விட்ச்லயும் காப்பர்லயும்தானே முடியும்? எத்தனை கிலோமீட்டர் இழுத்தோம்னு கணக்கு வெச்சா போதாது. கடைசி மேசையில எத்தனை வருதுன்னு யாராச்சும் ஒரு லேப்டாப்போட போய் அளந்து எழுதி வைக்கணும்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே அப்பாவும் பொண்ணும் வாசல்ல நின்னாங்க. எல்லா சான்றிதழும் ஏறி முடிய ரெண்டு நிமிஷம் ஆகல. அந்தப் பொண்ணு, "அண்ணா, நேத்து எங்க ஃபைல்ல தப்பு இல்லியே?"ன்னு கேட்டுச்சு. ராத்திரி பூரா அந்த பயத்துல தூங்கலையாம்.

டிஸ்கி: 300 பிளானை திரும்பக் குறைங்கன்னா சித்தப்பா கேட்க மாட்டேங்குறார். "இருந்துட்டுப் போகட்டும்டா, லாட்ஜுக்கு வர்றவங்க கேட்கறாங்க". கன்வெர்ட்டரையாவது கிகாபிட்டுக்கு மாத்தச் சொல்லியிருக்கேன். மாட்டும்போது நானே கூட இருப்பேன் :-)