கொலுவும் கோசுமல்லியும்

மேல்நாடுகளில் பழுத்த இலைகளாலும் பரங்கிக்காயாலும் இல்லத்தை அலங்கரித்து இலையுதிர் காலத்தை வரவேற்கிறார்கள். நமக்குச் சரத் காலமென்றால் நவராத்திரி, அலங்காரமென்றால் கொலு.

சின்ன காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு இருக்கிறது. களிமண்ணையும் காகிதக் கூழையும் அச்சிலிட்டு, உலர்த்தி, வர்ணம் தீட்டுவதே அங்கே பல குடும்பங்களின் ஜீவனம். 2019-ஆம் ஆண்டு, வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்திலிருந்து, நாற்பது வருஷங்களுக்குப் பின் அத்திவரதர் எழுந்தருளினார். அவ்வருஷமே கொலுப் படிகளிலும் அத்திவரதர் பொம்மைகள் இடம் பெற்றன.

சென்ற வாரம் அத்தெருவில் ஒரு மூதாட்டியிடம் செட்டியார் பொம்மை வாங்கினேன். "கண் எழுதி அனுப்புகிறோம், டீச்சரம்மா; படியில் ஏறிய பிறகு அவற்றை நாங்கள் பார்த்ததில்லை" என்றார். பத்து வருஷமாக அவரிடம் பேரம் பேசிய எனக்கு, ஒரு முறையேனும் வெற்றிலை பாக்குக்கு அழைக்கத் தோன்றவில்லையே என்று நாணினேன், அப்போதே அழைத்தேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்று நான் செய்யப்போகும் கோசுமல்லியின் பக்குவம் இது. ஒரு கிண்ணம் பாசிப்பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்து வடித்து, பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், தேங்காய்த் துருவல், கொத்தமல்லி சேருங்கள். ஓர் எலுமிச்சம்பழச் சாற்றில் உப்பும் இஞ்சித் துருவலும் கலந்து, அதில் கடுகு, பச்சை மிளகாய், பெருங்காயம் தாளித்து ஆறியபின் கொட்டித் தனியே வையுங்கள். பரிமாறும்போதுதான் பருப்புடன் கலக்க வேண்டும். முன்பே கலந்தால் உப்பு வெள்ளரியின் நீரை இழுத்துவிடும்.

சகோதரிகளே, இதுவரை நாம் அழையாத வீடு ஒன்று உங்கள் ஊரிலும் இருக்கும். இவ்வருஷம் முதல் தாம்பூலம் அவ்வீட்டாருக்கு ஆகட்டும்.