ஓய்வுக்குப் பின் எந்த ஊர்? மனைவியையும் கேளுங்கள்!

தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 59 ஆயிற்று. 2021-ல் 60 ஆயிற்று. ஓய்வு நெருங்கியதும், "சென்னை போதும், சொந்த ஊருக்குப் போவோம்" என்கிறார் கணவர்.

அவருக்கு அது பிறந்த ஊர். கூடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். மனைவிக்கோ அது மாமியார் ஊர்! முப்பது ஆண்டுகளாக அவள் பழகியது சென்னைத் தெருவும் அக்கம்பக்கமும்தான். கணவருக்குத்தான் ஓய்வு, அடுப்புக்கு ஓய்வு இல்லை.

தனிமை யாருக்கு?

பெரும்பாலும் மனைவி வயதில் இளையவள். பெண்களின் சராசரி ஆயுளும் அதிகம். ஆகவே, கடைசிக் காலத்தில் அந்த வீட்டில் தனியே இருக்கப் போகிறவள் அவளாகவே இருக்கலாம். அப்போது வருவது குடும்ப ஓய்வூதியம் மட்டுமே; அது குறைவு. கசப்பான பேச்சுதான், ஆனாலும் பேசியே ஆகவேண்டும்.

அவசரம் வேண்டாம்

இருக்கிற வீட்டை உடனே விற்கக் கூடாது. முதலில் ஆறு மாதம் அங்கே வாடகைக்கு இருந்து பார்க்கட்டும். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? மகள் வந்து போக பஸ் உண்டா? இருவரும் தனித்தனியே எழுதி, பிறகு சேர்ந்து படிக்கட்டும். வாங்கும் வீடு இருவர் பெயரிலும் இருக்கட்டும்.

இருவரும் மனமாரச் "சரி" என்று சொன்ன பிறகே மூட்டை கட்ட வேண்டும்!