பழக்கம் மாறாதாமே!

‘தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்னும் பழமொழியைத் துணைக்கழைத்துக்கொண்டு, மக்களின் நுகர்வுப் பழக்கங்களை மாற்றவே இயலாது என வாதிடுவோர் பலர். பெரும்பாலும் அவர்கள் இதனைக் கூறுவது ஒரு குவளைத் தேநீரைக் கையில் ஏந்தியபடியே! அத்தேநீரே தம் வாதத்திற்கு மறுப்பு என்பதை அவர்கள் உணர்ந்தாரில்லை.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது இந்நாட்டு மக்களிற் பெரும்பாலோர் தேநீரைச் சுவைத்ததில்லை. 1903-இல் தேயிலை ஏற்றுமதியின்மீது தீர்வை விதிக்கப்பட்டு, அப்பணம் தேயிலைப் பிரசாரத்திற்குச் செலவிடப்பட்டது. 1930-களில் உலகச் சந்தை சரிந்து சரக்குத் தேங்கவே, தோட்ட முதலாளிகளின் பார்வை உள்நாட்டின்மேல் விழுந்தது. இரயில் நிலையங்களிலும் சந்தைகளிலும் வீட்டு வாயில்களிலும் ஆட்கள் நின்று தேநீர் காய்ச்சக் கற்பித்தனர். இலவசமாகவும் ஊற்றிக் கொடுத்தனர். காந்தியடிகளோ தேநீர் உடலுக்குத் தேவையன்று என எழுதினார். வென்றவர் யார்? இன்று இந்தியாவில் விளையும் தேயிலையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை நாமே குடித்துத் தீர்க்கின்றோம்.

எனவே, மக்கள் மாறார் என்பது பொய். மாற்றத்திற்கு முதலிடுவோர் எவர் என்பதே கேள்வி. இரயில் நிலையங்களில் மண்குவளை மீண்டும் வரும் என 2004-இல் அமைச்சர் லாலு பிரசாத் அறிவித்தார். பயணிகள் அதனை வெறுத்தாரல்லர். ஆயினும், சூளையிலிருந்து நிலையம்தோறும் நாள்தோறும் குவளை வந்துசேரும் ஏற்பாடு நிலைக்கவில்லை. மலிவான தாள் குவளை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. பழி மட்டும் பயணியின் தலையில்! மாறாக, 2014 சனவரியில் 310 ரூபாயாக இருந்த எல்.இ.டி. விளக்கின் கொள்முதல் விலை, அரசு மொத்தமாக வாங்கத் தொடங்கியபின் 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கிற்று. 36 கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் மக்களை அடைந்தன. பழைய குண்டு பல்புக்காக எவரும் கண்ணீர் வடிக்கவில்லை.

தொலைவில் ஏன் தேட வேண்டும்? நம் சங்க விழாக்களில் காப்பி வழங்கும் தாள் குவளையின் உட்புறம் பிளாஸ்டிக் படலம் பூசப்பட்டது. எவர்சில்வர் தம்ளர்கள் மறைந்தது நம் நாவின் சுவை மாறியதாலன்று. கழுவும் ஆளுக்குக் கூலி கொடுக்க நமக்கு மனமில்லாமையால். (அடியேனும் ஓராண்டு உணவுக் குழுவில் இருந்து அக்கணக்கிற் கையெழுத்திட்டவனே.) அவ்விழா மேடையிலேயே பிளாஸ்டிக் ஒழிப்புப் பற்றிச் சொற்பொழிவும் நிகழ்கின்றது. வரும் ஆண்டில் அச்சொற்பொழிவை நிறுத்தி, அதற்காகும் மாலை, சால்வைச் செலவிற் கழுவுவதற்கு இருவரை அமர்த்தச் செயற்குழு இசையுமா?