பெட்டிச் சித்திரங்கள்

நமது திருப்பூர்ப் பனியன் பெட்டிகளின் மேல் ஒட்டிவரும் வர்ணப் படங்களை ஒரு பொருளென மதிப்பார் சிலரே. பனியனை எடுத்துக்கொண்டு பெட்டியை எறிந்துவிடுகிறோம். கோட்டையூர் ரோஜா முத்தையா அவ்வாறு எறிந்தாரில்லை. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகிய அவர், நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் கலியாணப் பத்திரிகைகளையுங்கூடச் சேர்த்து வைத்தார். (பித்தென்று நகைத்தவரும் இருந்திருப்பர்!) 1992-இல் அவர் காலமானபின், அத்தொகுதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கிற்று, எனினும் கடல் கடத்தாது சென்னையிலேயே நிலைபெறச் செய்தது. நம் செல்வத்தைக் காக்க நாமே முந்தாதது எனக்கு வெட்கமாகவே படுகின்றது.

இக்காலத்திலோ கைப்பேசியொன்றே போதும். ஆயினும், படத்தை மட்டும் இணையத்திலிட்டுப் பாராட்டுப் பெறுதல் சேகரிப்பாகாது. எந்தக் கம்பெனி, எந்த ஆண்டு, வரைந்தவர் யார் என்பவற்றையும் கேட்டெழுதிச் சேர்த்தல் வேண்டும். அவற்றை அறிந்த முதிய தொழிலாளர் இன்னும் நம் தெருக்களில் உளர். மாணவ நண்பர்கள் இவ்விடுமுறையிலேயே அவர்களிடம் செல்வார்களாக.