வாத்துக்கு எந்தத் தோட்டா?

வேட்டைன்னு பேச்செடுத்தா நம்மாளுங்க துப்பாக்கியைப் பத்தித்தான் பேசுவாங்க. குண்டு எதுல செஞ்சதுன்னு யாரும் கேக்கறதில்ல.

நம்ம நாட்டுல 1972 வனவிலங்குச் சட்டம் வந்துச்சு. 1991 திருத்தத்துக்கப்புறம் லைசென்ஸ் வாங்கியும் வாத்து சுட முடியாது. நல்லது. ஆனா அனுமதி இருக்கற நாடுகள்லயும் ஈயக்குண்டு கூடாதுங்கறதுதான் என் கட்சி.

ஒரு தோட்டாவுல நூத்துக்கணக்குல குண்டு. பறவை மேல படறது சிலதுதான், மிச்சம் ஏரிக்குள்ள. இரையை அரைக்க வாத்து சின்னக் கல்லை முழுங்கும். கூடவே ஈயத்தையும் முழுங்கி நஞ்சேறிச் சாகும். சுட்டவன் வீட்டுக்குப் போனப்புறமும் குண்டு கொன்னுட்டே இருக்கும்!

அதே 1991-ல அமெரிக்கா முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக்குண்டு தடை. ஐரோப்பிய ஒன்றியத்துல ஈரநிலங்களுக்கு 2023-லதான். 'எஃகு எடை கம்மி, அடி பத்தாது'ன்னு புலம்பறவங்களுக்கு: ரெண்டு சைஸ் பெரிய குண்டாப் போடுங்க, கிட்ட வந்தப்புறம் சுடுங்க.

ஆம்பூர், வாணியம்பாடிக்காரங்களுக்கு இதெல்லாம் புதுசா என்ன? டேனரிக் கழிவு பாலாத்தை என்ன பண்ணுச்சுன்னு பார்த்தவங்கதானே நாம. 1996-ல வேலூர் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதான்: முன்னெச்சரிக்கை வேணும், கெடுத்தவனே காசு கட்டணும். குரோமியத்துக்கு ஒரு நியாயம், ஈயத்துக்கு ஒரு நியாயமா?

என்ன சொல்றீங்க மக்களே? :-)