வை-பை இழுக்கலியா? பவரை ஏத்தாதீங்க... சேனலை மாத்துங்க!

மாமல்லபுரம்:
லீவு நாள் வந்தாலே மாமல்லபுரம் ஒத்தவாடை தெருவிலும் கிழக்கு ராஜ வீதியிலும் கூட்டம் அள்ளும். லாட்ஜ், ஓட்டல், சிற்பக் கடை என்று நெருக்கி நிற்கும் இடத்தில் கட்டடத்துக்குக் கட்டடம் வை-பை பெட்டிதான். ஆனால் கூட்டம் சேர்ந்ததும் நெட் படுத்துவிடும். வை-பையை நம்பி கியூ.ஆர். கோடு வைத்த கடைக்காரருக்கு வியாபாரம் கையை விட்டுப் போகும். "பவர் அதிகமான பெட்டியா வாங்கி மாட்டுப்பா" என்று யோசனை சொல்ல ஆள் உண்டு. அதில்தான் வம்பே இருக்கிறது.

லைசென்ஸ் வேண்டாம், கண்டிஷன் உண்டு

2.4 கிகாஹெர்ட்ஸ் வை-பைக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று 2005 ஜனவரியில் மத்திய அரசு விதி போட்டது. அதோடு சில கண்டிஷன்களும் வைத்தது. கருவியின் பவர் 1 வாட்டைத் தாண்டக்கூடாது. ஆன்டெனா வழியாகக் குவிந்து போகும் பலம் 4 வாட்தான். ஆன்டெனா மொட்டை மாடிக்கு மேல் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் இதே அலைவரிசைக்கு 0.1 வாட்தான் அனுமதி. அதைப் பார்த்தால் நம்ம ஊர் விதி தாராளம்தான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. இந்த அலைவரிசை எல்லோருக்கும் பொது. விதிக்குள் இருக்கும் பக்கத்து லாட்ஜ் பெட்டியால் இடைஞ்சல் என்று புகார் கொடுத்துப் பயனில்லை. ஆனால் லைசென்ஸ் வாங்கிய சேவைக்கு இடைஞ்சல் செய்தால், பவரைக் குறைக்கச் சொல்லலாம். கேட்காவிட்டால் நிறுத்தவும் சொல்லலாம்.

ஒரே குழாயில் பத்து குடம்

ஒரே சேனலில் ஒரு பெட்டி பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். தெருக்குழாயில் குடம் வரிசை போடுகிற கதைதான். பவரை ஏத்தினால் இன்னும் நாலு பெட்டி அதே வரிசையில் வந்து நிற்கும். பெட்டி எவ்வளவு கத்தினாலும் செல்போனின் பவர் சின்னது. அதன் பதில் பெட்டிக்கு எட்டாது.

2.4-ல் இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல். ஒன்றோடு ஒன்று மோதாதவை 1, 6, 11. நடுவில் 3 போட்டால் 1, 6 இரண்டுக்கும் தொல்லை. அமெரிக்காவில் பொதுவாக 11 வரைதான். அங்கிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த போனில் 13-ம் சேனல் வை-பை தெரியாமலே போகலாம். பெட்டி செட்டிங்கில் நாடு 'இந்தியா' என்று இருக்கட்டும்.

2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது. சேனல் அதிகம், நெரிசல் குறைவு. சுவரைத் தாண்டுவதில்தான் வீக். அதனால் லாட்ஜில் மாடிக்கு ஒரு சின்ன பெட்டி நல்லது.

பூஸ்டர் மாட்டினால் சிக்கல்

செல்போன் டவர் எடுக்கவில்லை என்று பூஸ்டர் வாங்கி மாட்டுவது வேறு கதை. அது செல்போன் கம்பெனிகளின் லைசென்ஸ் அலைவரிசை. தனியார் பூஸ்டர் மாட்டுவது சட்டவிரோதம். டவருக்கே இடைஞ்சலாகி அக்கம்பக்கத்தில் கால் கட் ஆகும். அந்த நேரம் யாராவது 108-க்குப் போன் போட்டால் என்ன ஆவது?

பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிப் பேசி ஆளுக்கு ஒரு சேனல் 1, 6, 11 என்று பிரித்துக்கொண்டால் பைசா செலவில்லை.